உப்புத் தண்ணி, மாரி, கச்சான்: வீட்டில் வரைந்த படங்களுக்கு நடந்தவை

வாவிக்கரை (கல்லடி)

மட்டக்களப்பில 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தை நீர்வர்ணத்தில வரைஞ்ச ஒரு படம் அண்மையில பார்க்கக் கிடைச்சது. இரும்புச் சட்டங்கள் சரியா விழுந்திருக்கு, வாவித் தண்ணியும் நல்லா வந்திருக்கு. வானம்தான் மனசை விட்டுப் போகுதில்ல. அல்ட்ராமரின் நீலத்தை ஒரே இழுவையில போட்டிருக்காங்க, காய்ஞ்ச பிறகு வானம் முழுக்க வெளிறின பொட்டு. யன்னல் வெளிச்சத்தில சாய்ச்சுப் பிடிச்சா பொடிப்பொடியா மினுங்குது. மாரி நேரம் தொட்டுப் பார்த்தா அந்த இடம் மட்டும் கைக்கு ஈரம்.

பெயின்ற்ல பிழையில்ல, பேப்பர்லயும் பிழையில்ல. பிழை வளவுக் கிணத்துத் தண்ணியில. நம்ம பக்கம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில கிடக்கிற ஒடுங்கின மணல். நல்ல தண்ணி மேல மெல்லிசாத்தான் நிற்கும், கச்சான் (சூடான தென்மேல் காத்து) காலத்தில அது இறங்க உப்பு ஏறும். நாக்குக்கு லேசாக் கரிக்கிற தண்ணியே நீர்வர்ணத்துக்குக் கூடாது. அகல வோஷ் (தண்ணியா இழுத்த பெரிய பூச்சு) காயக்காய உப்பு தன்னைச் சுத்தி ஈரத்தை இழுத்து வர்ணப் பொடியைத் தள்ளிவிடும். அதுதான் பொட்டு. காத்தில ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினா அந்த உப்பு தானாவே கசியும், அதுக்கு மேல பூஞ்சணம் வர நாள் எடுக்காது.

நிறைய வோஷ் போடுறவங்க தண்ணிக்கு என்ன செய்றீங்க? கொதிக்க வச்சு ஆற வச்சா காணுமா?

மைவிழி (காத்தான்குடி)

கொதிக்க வச்சா உப்பு போகாது. தண்ணி ஆவியாப் போக மிச்சத்தில உப்பு இன்னும் கூடும். குசினியில வைக்கிற கரி ஃபில்டரும் உப்பை எடுக்காது, மணத்தையும் குளோரினையும்தான் எடுக்கும். ஆர்ஓ ஃபில்டர் தண்ணி சரி. இல்லாட்டி வாகன பற்றறிக்கு ஊத்துற வடிதண்ணி, ஹார்ட்வெயார் கடையில போத்தலில விக்கிது. கேட்கக்குள்ள "தண்ணி" எண்டு தெளிவாச் சொல்லி லேபிளையும் வாசிச்சு வாங்கணும், பக்கத்திலேயே பற்றறி அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில இருக்கும். ஒரு படத்துக்கு அரை லீற்றர் தாராளம்.

மழைத்தண்ணியும் நல்லம். ஆனா முதல் மழையை விட்டுடுங்க, கூரைத் தூசியும் கடலுப்பும் அதோட வரும். ரெண்டு மூணு நல்ல மழை கழுவின பிறகு, கூரையில படாம வெளியில வாளி வச்சுப் பிடிக்கணும். தூரிகை கழுவ ஒரு கோப்பை, வர்ணம் கரைக்க வேற கோப்பை. கழுவுறதுக்குக் கிணத்துத் தண்ணி போதும், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணியில.

இங்க வேற ஒரு படம் நினைவுக்கு வருது. நீர்வர்ணம் இல்ல, அக்ரிலிக். சீற் கூரை வீட்டில ரெண்டு கன்வஸை முகத்துக்கு முகம் சாய்ச்சு அலுமாரிக்குப் பின்னால வச்சிருந்தாங்க. கச்சான் முடிய எடுத்துப் பிரிக்கக்குள்ள "சர்" எண்டு ஒரு சத்தம். ஒரு படத்திட மாம்பழ மஞ்சள் மற்றப் படத்திட கன்னத்தில ஒட்டிக்கொண்டு வந்துட்டுது. அக்ரிலிக் காய்ஞ்சாலும் உள்ள பிளாஸ்ரிக்தான், சூட்டில இளகும். அமுக்கி வச்சா ஒண்டோட ஒண்டு சேர்ந்திடும். இடையில பொலித்தீன் வச்சாலும் ஒட்டலாம், பத்திரிகைத் தாள் வச்சா எழுத்து ஏறும். கேக் தட்டுக்குப் போடுற பேக்கிங் தாள்தான் சரி, அதுவும் ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்காம நிமிர்த்தி வச்சு. ஒட்டிப்போனதை இழுக்காதீங்க. குளிரான இடத்தில வச்சு இறுகவிட்டு ஓரத்தில இருந்து மெல்ல விடுவிக்கணும், வளைக்கவே கூடாது. குளிர்ந்த அக்ரிலிக் வெடிக்கும்.

செந்தூரம் (ஆரையம்பதி)

மாரி முடிஞ்சு தை மாசம் சுவரில இருந்து இறக்கின அக்ரிலிக் படம். முன்பக்கம் கறுப்பு வர்ணம் இருக்கிற இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி, பின்பக்கம் கன்வஸ் துணியில பச்சை. மணம் எண்டா பழைய ஓலைப்பாய் மணம். சுவரைத் தொட்டா சுவரும் ஈரம். கிழக்குப் பார்த்த வெளிச்சுவர், வாடை நேரா அடிக்கிற பக்கம்.

இதுக்கு லேசான வழி சேர்ஜிக்கல் ஸ்பிரிற். பஞ்சில நனைச்சு முன்னும் பின்னும் துடைச்சா பூஞ்சணம் செத்துப்போகும், திரும்ப வராது. பிறகு அரை மணித்தியாலம் வெயிலில வச்சு எடுத்தா முடிஞ்சுது.

தூரிகைமரம் (கல்முனை)

செந்தூரம் அண்ணன், முன்பக்கம் ஸ்பிரிற் வேண்டாம். புதுசா வர்ற ஆக்கள் இதை வாசிச்சிட்டு அப்பிடியே செய்திடுவாங்க எண்டுதான் நீளமா எழுதுறன். ஸ்பிரிற்ல இருக்கிற அல்கஹோல் காய்ஞ்ச அக்ரிலிக்கையும் இளக்கும். தூரிகையில காய்ஞ்சுபோன அக்ரிலிக்கைக் கழட்டவே நாம ஸ்பிரிற்ல ஊற வைக்கிறம், அதே வேலையைப் படத்திலயும் அது செய்யும். அப்பிடித் துடைச்ச ஒரு படம் இங்க பழுதுபார்க்க வந்தது. பஞ்சு முழுக்க நீலம், வள்ளத்திட விளிம்பு முழுக்க மங்கிப்போச்சு. அதைத் திரும்ப எடுக்கவே ஏலாது, மேல வரையத்தான் வேணும்.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது. படத்தை மற்றப் படங்களிட்ட இருந்து உடனே பிரிச்சு வைக்கணும். ஈரமாக் கிடக்கிற பூஞ்சணத்தில கை வைக்கக் கூடாது, தேய்ச்சா இழை துணிக்குள்ள போய்க் கறையாகும். நிழலில, காத்தோட்டமான அறையில, மின்விசிறி நேரா படாம பக்கத்துச் சுவரில படுற மாதிரி வச்சு முழுசாக் காயவிடணும். மாரியில இதுக்கே பல நாள் போகும். காய்ஞ்சா புள்ளி பொடியாயிடும். பிறகு வெளியில கொண்டு போய், காத்து உங்களிட்ட இருந்து அப்பால போற பக்கமா நின்று, என்95 மாஸ்க் போட்டு, படத்தை நிமிர்த்திப் பிடிச்சு மெல்லிய அகலத் தூரிகையால மேலிருந்து கீழ தட்டிவிடணும். அந்தத் தூரிகையைத் திரும்ப வரைய எடுக்கக் கூடாது.

வெயில் பற்றியும் சொல்லணும். அரை மணித்தியால உச்சி வெயிலில கன்வஸ் ஒரு பக்கம் இழுபட்டு பிரேம் முறுகலாம். அது தேவையே இல்ல.

திரும்ப வராது எண்டதும் சரியில்ல. வித்து காத்தில எப்பவும் இருக்கு, ஈரம் 65, 70 சதவீதத்துக்கு மேல நிண்டா திரும்ப முளைக்கும். அதால மருந்தை விட தொங்கவிடுற இடம்தான் முக்கியம். வெளிச்சுவரில தொங்கவிடாம உள்சுவருக்கு மாத்துங்க. பிரேமின்ட கீழ் ரெண்டு மூலையிலயும் போத்தல் மூடித் தக்கையை 5, 6 மில்லிமீற்றர் தடிப்பில வெட்டி ஒட்டினா படத்துக்கும் சுவருக்கும் நடுவில காத்துப் போகும். பின்பக்கத்தை ஹாட்போட் அடிச்சு மூடாதீங்க, அது ஈரத்தைக் குடிச்சு வச்சிருக்கும். கட்டவுட் செய்யிற நெளிவுப் பிளாஸ்ரிக் தகடு நல்லம். மாப்பசையால எதையும் ஒட்டக் கூடாது, பூஞ்சணத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அது சாப்பாடு. கன்வஸை வீட்டில தயாரிக்கிற ஆக்கள் பிராணிப் பசையும் பூச வேண்டாம், இந்தக் கரையில அது ஈரத்துக்கு உப்பிச் சுருங்கி மேல இருக்கிற பெயின்றை வெடிக்க வைக்கும். தண்ணி கலந்த பைண்டர் கம் (வெள்ளைப் பசை) ஒரு பூச்சு, அது காய ஜெஸ்ஸோ (வர்ணத்துக்கு அடியில போடுற வெள்ளைப் பூச்சு) ரெண்டு பூச்சு, ஒண்டுக்கொண்டு குறுக்கா. பின்பக்க மரச்சட்டத்துக்கும் ஒரு பூச்சுக் குடுத்தா இன்னும் நல்லம்.

செந்தூரம் (ஆரையம்பதி)

தம்பி சொன்னது முன்பக்கத்துக்குச் சரி. பின்பக்கம், அதுவும் ஜெஸ்ஸோ போட்ட கன்வஸ் எண்டா, காய்ஞ்சு தட்டின பிறகு ஸ்பிரிறை மெல்லிசா விசிறிவிடலாம் எண்டதில நான் மாற மாட்டன். நனையக் கூடாது, பஞ்சாலயும் தேய்க்கக் கூடாது. மரச்சட்டத்துக்கும் துணிக்கும் இடையில தூரிகை போகாது, பூஞ்சணம் பதுங்கிற இடமே அதுதான்.

தூரிகைமரம் (கல்முனை)

பின்பக்கம் விசிறலாம், அதை ஒத்துக்கொள்றன். அடுப்பும் நுளம்புத்திரியும் இல்லாத இடத்தில.

நிலாச்சோறு (அக்கரைப்பற்று)

வார்னிஷ் பற்றி ஒருத்தரும் எழுதல்ல. நெல்வயல் படம், முழுக்க இருண்ட பச்சை. கார்த்திகை மாசம் பின்னேரம் மழை விட்ட கையோட ஸ்பிரே வார்னிஷ் அடிச்சிருக்காங்க. அடிக்க அடிக்கவே வயலுக்கு மேல வெள்ளை மூட்டம் இறங்கிச்சு. துணியால துடைச்சும் போகல்ல.

ஸ்பிரேக்குள்ள இருக்கிற தின்னர் கெதியா ஆவியாகக்குள்ள படத்திட மேற்பரப்பு குளிரும். காத்தில ஈரம் கூட இருந்தா அந்தக் குளிரில நீர் படிஞ்சு வார்னிஷுக்குள்ள அடைபடும். துடைச்சுப் பயனில்ல. மழையில்லாத காய்ஞ்ச நாள் வரைக்கும் விட்டு, அதே ஸ்பிரேயை 25, 30 சென்ரிமீற்றர் தள்ளி நின்று மெல்லிசா ஒருக்கா அடிச்சா பெரும்பாலும் பழைய படை இளகி, அடைபட்ட ஈரம் போய்த் தெளியும். தூரிகையால பூசுற தண்ணி வார்னிஷ் வெளிறினா காரணம் வேற, தடிப்பாப் பூசினதுதான். மெல்லிசா ரெண்டு பூச்சு. மாரியில கட்டாயம் பூசணும் எண்டா மத்தியானம் பன்னிரண்டுக்கும் ரெண்டுக்கும் இடையில, அப்பதான் காத்தில ஈரம் குறைவு. தடிப்பா அப்பின அக்ரிலிக் எண்டா ரெண்டு கிழமை விட்டுத்தான் வார்னிஷ். ஒயில் பெயின்ற்றுக்கு ஆறு மாசமாவது.

வெள்ளைத்தாள் (ஏறாவூர்)

கல்லடி ராத்தா சொன்ன பாலப் படத்தில பேப்பர் பிழையில்ல எண்டு எழுதியிருக்காங்க, அதைச் சோதிச்சுத்தான் சொன்னாங்களா? அப்பிடியே வானத்தில பொட்டு விழுற இன்னொரு காரணம் இருக்கு. 300 கிராம் பருத்திப் பேப்பர், விலை கூடினது, ஒரு மாரி முழுக்க அலுமாரியில திறந்து கிடந்தது. வர்ணம் வச்ச உடனே ஒற்றுத்தாள் மாதிரி உறிஞ்சிச்சு, தூரிகை வச்ச இடம் வச்ச இடமாவே நிண்டுட்டு. பேப்பருக்குப் போட்டிருக்கிற ஜெலற்றின் காப்பு ஈரத்தில கெட்டுப்போனா இப்பிடித்தான் வரும். அது எங்கெங்க கெட்டுப்போச்சு எண்டு வெறும் கண்ணுக்குத் தெரியாது.

வரைய முதல் ஓரத்தில ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. குமிழா நிண்டு மெதுவாப் பரவினா நல்ல பேப்பர். சில நொடியில உள்ள போய்ப் பின்பக்கம் இருண்டா காப்பு போச்சு. அதை நீர்வர்ணத்துக்குத் திருப்ப ஏலாது, ஜெஸ்ஸோ பூசி அக்ரிலிக்குக்கு எடுக்கலாம். மிச்சப் பேப்பரைப் பொலித்தீன் பையில போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் வச்சு, வாயை நாடாவால மூடி, தட்டையாப் படுக்க வைக்கணும். சீமெந்து நிலத்திலயோ வெளிச்சுவரோட சேர்த்தோ வைக்கக் கூடாது.

வாவிக்கரை (கல்லடி)

சொட்டு விட்டுப் பார்த்தது. படத்திட வெள்ளை ஓரத்தில தண்ணி குமிழா நிண்டுது. உப்புத்தான்.

கரப்புடுப்பு (வந்தாறுமூலை)

வடமோடிக் கூத்து (நம்ம பக்கத்து நாட்டுக்கூத்து வகை) படம் வரையிற ஆக்களுக்கு ஒரு விசயம். கரப்புடுப்பில (கூத்தர் கட்டுற விரிஞ்ச உடுப்பு) சிவப்பும் றோசாவும் கொட்டி வரைஞ்ச ஒரு அருச்சுனன். மேற்கு யன்னலுக்கு எதிர்ச் சுவரில தொங்கினது. இப்ப அருச்சுனன்ட உடுப்பு பழைய சீலை நிறம், நீலமும் காவியும் மட்டும் வச்ச இடத்திலேயே நிக்குது. பிரேமின்ட விளிம்புக்குள்ள மறைஞ்ச ஒரு விரல் அகலத்தில மட்டும் அந்தப் பழைய றோசா அப்பிடியே இருக்கு. அதைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு போயிருக்கு எண்டு விளங்குது.

ரியூபின்ட பின்பக்கம் வர்ணக் குறியீடு அச்சடிச்சிருக்கும். பிஆர்83 (PR83) எண்டா அலிசரின் சிவப்பு, வெளிச்சத்தில போகும். பிவி19 (PV19) எண்டா நிக்கும், றோசாவுக்கும் இருண்ட சிவப்புக்கும் அதையே வாங்குங்க. மினுங்குற "ஒபெரா" றோசாவுக்குள்ள ஒளிர்சாயம் இருக்கு, சுவரில தொங்குற படத்துக்கு வேண்டாம். பள்ளிக்கூடப் போஸ்டர் கலர்ல குறியீடே இருக்காது. சந்தேகம் எண்டா ஒரு கோடு இழுத்து, பாதியை அலுமினியத் தாளால மூடி, வெயில் விழுற யன்னலில ஒட்டி மூணு மாசம் விடுங்க.

உடுப்பில பதிக்கிற கண்ணாடித் துண்டுக்கு வெள்ளிப் பெயின்ற் வைக்கிறதும் சரிவராது. பக்கத்தில இருந்து பார்த்தா கறுத்துத் தெரியும். கண்ணாடிக்கு நிறமில்ல, எதிரில இருக்கிறதுதான் அதிட நிறம். இருண்ட சாம்பல் ஒரு பொட்டு, ஒரு ஓரத்தில பக்கத்து உடுப்பின் சிவப்பு, மற்ற ஓரத்தில தனி வெள்ளை ஊசிமுனையளவு. எல்லாத் துண்டுக்கும் வெள்ளை வைக்காதீங்க, பத்தில ரெண்டு மூணுக்குப் போதும். தங்கத்துக்கும் அதேதான்: மஞ்சள் காவி, நிழலுக்கு அம்பர் மண்ணிறம், உச்சியில எலுமிச்சை மஞ்சள் கலந்த வெள்ளை.

மைவிழி (காத்தான்குடி)

ஒயில் பெயின்ற் பற்றிப் பேச்சு வந்ததால இதையும் எழுதிடுறன், இது படத்தை விடப் பெரிய விசயம். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைச்ச துணியெல்லாம் ஷொப்பிங் பையில அமுக்கி, சீற் கூரைக் குசினி மூலையில கிடந்தது. பையைத் தூக்கக்குள்ள அடிப்பக்கம் கைக்குச் சுட்டுது. அடுப்பு எரியல்ல, வெயிலும் படல்ல. லின்சீட் எண்ணெய் காயிறது காத்தோட சேர்ந்து சூடு விட்டுத்தான். குவிச்சு வச்சா அந்தச் சூடு வெளிய போகாது, தானாவே தீப்பிடிக்கும்.

துணியை அண்டண்டைக்கே வெளியில கொடியில ஒவ்வொண்டா விரிச்சுப் போடுங்க, ஒண்டுக்கு மேல ஒண்டு படக் கூடாது. விறைச்சுக் காய்ஞ்ச பிறகு எறியலாம். மழை எண்டா மூடி இருக்கிற தகர ரின்ல தண்ணி நிரப்பி அதுக்குள்ள அமுக்கி வைக்கணும். இதுக்குக் கிணத்து உப்புத் தண்ணியே காணும்.