கரையடியில் ஊற்று கிளம்பியதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கூடலூர் வயல்
அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியதே, அந்த 2019 ஆகஸ்ட். எங்கள் வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருப்பது தாத்தா காலத்து மண்கரை. தண்ணீர் கரை விளிம்புக்கு இரண்டடி கீழேதான் நின்றது. மேலே ஏறுகிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயல் பக்கம் கரையடியில் மணல் கொப்பளிப்பதை மகள்தான் காட்டினாள். உள்ளங்கை அகலம் இருக்கும். நடுவில் துளை, சுற்றிலும் எறும்புப் புற்று வாய் மாதிரி பொடிமணல். முதலில் தெளிவாக வந்த தண்ணீர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீ நிறத்துக்குக் கலங்கியது.

நான் களிமண்ணை அள்ளிப் போட்டுக் காலால் மிதித்து அடைத்தேன். நின்றது. கொஞ்ச நேரத்தில் நாலடி தள்ளி இரண்டு இடத்தில் கிளம்பியது! பக்கத்து வயல் பெரியவர் ஓடிவந்து, "அடைக்காதே தம்பி, அது போகட்டும், மண்ணை மட்டும் விடாதே" என்று கத்தினார். கிணற்று உறை மாதிரி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கினோம். உள்ளே தண்ணீர் ஏற ஏறக் கொப்பளிப்பு அடங்கி, முழங்கால் உயரத்தில் தெளிந்து வழிந்தது. கரை நின்றுவிட்டது. ஆனால் அந்த இடத்தை மிதித்தது இன்னும் என் காலில் இருக்கிறது.

ஆயக்குடி கொய்யா
அண்ணே, எங்கள் ஓடைக்கரையில் ஒரு மருதமரத்தை வெட்டி எட்டு வருஷம் ஆகிறது. அடிக்கட்டையை அப்படியே விட்டுவிட்டோம். போன ஐப்பசி மழையில் அதன் பக்கத்தில் ஈரம் தெரிந்தது. கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போனது. உள்ளே வேர் மட்கித் தோல் மட்டும் உறை மாதிரி நின்றது, அதற்குள் சில்லென்று தண்ணீர் ஓடியது. நான் வயல் பக்கச் சரிவு முழுக்க சிமெண்ட் பூசிவிட்டேன். நீங்களும் அதைச் செய்துவிடுங்கள், கவலை விட்டது.

கேத்திப் பள்ளத்தாக்கு
ஆயக்குடிக்காரரே, தயவுசெய்து அதை யாருக்கும் சொல்லாதீர்கள். எங்கள் கேரட் தோட்டத்து ஓடைக்கரையில் அதே வேலையைச் செய்து, ஒரு மழையில் பூச்சு பலகை பலகையாக வயிறு தள்ளி விழுந்ததைப் பார்த்தவன் நான். கரைக்குள் வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று தள்ளும்.

இறுக்க வேண்டியது ஆற்றுப் பக்கம், களிமண்ணால். வயல் பக்கம் தண்ணீர் போகலாம், மண் போகக் கூடாது. கரையடியில் முதலில் மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதற்கும் மேல் கல். இந்த வரிசை மாறினால் மண் ஜல்லிக்குள் இறங்கி ஓடிவிடும். கரையை அகலப்படுத்துவதானால் பழைய சரிவின்மேல் மண்ணைக் கொட்டாதீர்கள். புல்லைச் செதுக்கி, படி படியாக வெட்டி, அரை அடி மண் போட்டு, ஈரப்படுத்தி, திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) போட்டு, அப்புறம் அடுத்த அரை அடி. இல்லாவிட்டால் பழசுக்கும் புதுசுக்கும் நடுவிலேயே தண்ணீர் புகும். அடிக்கட்டையை வேரோடு தோண்டி எடுத்து, குழியையும் இதே மாதிரி அடுக்கி மூடுங்கள். கரைமேல் மரம் வேண்டாம். சரிவில் வெட்டிவேர் நடுங்கள். எலி வளை, நண்டு வளை எல்லாம் கோடையிலேயே பார்க்க வேண்டியது.

கீழ்மலை
எல்லாரும் கசிவையே பேசுகிறீர்கள். குடகனாறு எங்கள் மலையிலிருந்து இறங்குவது. 1977 நவம்பரில் அந்த ஆற்றின் அணையுடைய மண்கரை மேலே தண்ணீர் வழிந்துதான் உடைந்தது. எங்கள் ஓடைக்கரையில் மாடு இறங்கி ஏறும் தடம் ஒன்று உண்டு. வருஷக்கணக்காகக் குளம்பு பட்டு ஒரு முழம் பள்ளம். வெள்ளத்தன்று மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க, அந்த ஒரு முழத்தில் தண்ணீர் வழிந்தது. அப்பா தட்டுப்பந்தல் கம்பையும் சாக்கையும் போட்டு அதில் குறுக்கே உட்கார்ந்தேவிட்டார். நான் மண் அள்ளி அள்ளிப் போட்டேன். நீர்மட்டக் குழாய் வைத்துக் கரை எங்கே தாழ்ந்திருக்கிறது என்று முழுக்க ஒருமுறை பாருங்கள் கூடலூர் அண்ணா.

கூடலூர் வயல்
பார்த்தேன் தம்பி. எங்கள் கரையிலும் நடவுக்கு ஆட்கள் இறங்கும் இடத்தில் ஒன்பது அங்குலம் தாழ்வு. ஊற்று கிளம்பிய இடத்திலிருந்து பத்தடிகூட இல்லை. இந்தக் கோடையில் அதை உயர்த்துகிறோம். கேத்தி சார், கரையடிக்கு ஆற்று மணல் கிடைக்கவில்லை. எம்-சாண்ட் போட்டால் மண்ணைப் பிடிக்குமா? பொடி அதிகமாக இருக்கிறது, கையில் ஒட்டுகிறது.