மின்சாரம் போய் வந்தால் சென்சாரின் செய்தியை கேட்வே ஏற்க மறுக்கிறது

பாலிக் புலாவ் தோட்டக்காரன்:
டுரியான் தோட்டத்தில் மண்ணின் ஈரம் பார்க்கும் சென்சார்கள் வைத்திருக்கிறோம். உள்ளே ஏடிமெகா328பி சில்லு, ரேம் வெறும் 2 கிலோபைட். இணையத்தில் செய்திகளைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் முறை அதற்குள் அடங்காது. ஆகவே நிமிடத்துக்கு ஒரு செய்தி, அதில் ஏறிக்கொண்டே போகும் வரிசை எண், செய்தி போலியல்ல என்று காட்ட ரகசியச் சாவியால் போட்ட எச்மேக் முத்திரை. பழைய எண்ணோடு வருவதை, சென்சார்களின் செய்திகளை வாங்கும் கேட்வே பெட்டி தள்ளிவிடும். இடி மழையில் மின்சாரம் போய் வந்தால் எண் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. பிறகு எதுவும் உள்ளே போவதில்லை. எண் சோதனையை எடுத்துவிடலாமா?

பட்டர்வொர்த் ரேடியோ:
எடுத்துவிடாதீர்கள், தம்பி. நேற்றைய “மண் காய்ந்துவிட்டது” செய்தியை ஒருவன் காற்றில் பிடித்து, இன்று மழையில் மறுபடி அனுப்பினால் முத்திரை சரியாகத்தான் இருக்கும். பம்பு ஓடும். எண்ணை, மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ராம் நினைவகத்தில் எழுதி வையுங்கள்.

பாலிக் புலாவ் தோட்டக்காரன்:
ஈப்ராமுக்கு 1,00,000 முறை எழுதும் உத்தரவாதம்தானே, அண்ணா? நிமிடத்துக்கு ஒன்று என்றால் 70 நாள்கூட வராது.

பட்டர்வொர்த் ரேடியோ:
ஒவ்வொரு முறையும் எழுத வேண்டாம். உச்சவரம்பை மட்டும் எழுதுங்கள். 5000 என்று எழுதிவிட்டு 4000 முதல் 4999 வரை செலவழியுங்கள். தீர்ந்ததும் 6000 என்று எழுதுங்கள். நடுவில் மின்சாரம் போனால், திரும்பி வரும்போது ஈப்ராமில் இருக்கும் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு முன்பே அடுத்த உச்சவரம்பை எழுதிவிட வேண்டும். இந்த வரிசை மாறினால் எல்லாம் வீண். இடையில் எண்கள் வீணாவதைப் பற்றிக் கவலை இல்லை: 32 பிட் எண்ணில் 400 கோடிக்கு மேல் இருக்கிறது. மின்னழுத்தம் இறங்கும் நேரத்தில் எழுதினால் மதிப்பு கெட்டுப்போகும், எனவே மின்னழுத்தம் குறைந்தால் சில்லை நிறுத்திவைக்கும் பிரவுன்-அவுட் காப்பை இயக்கி வையுங்கள்.

ஜெலுத்தோங் வாசகி:
எச்மேக்கைத் தூக்கிவிட்டு அஸ்கான் என்ற குறியாக்க முறைக்கு மாறலாமே? சிறு கருவிகளுக்கென்றே அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2023இல் அதைத் தேர்ந்தெடுத்தது.

பட்டர்வொர்த் ரேடியோ:
நல்லதுதான், அம்மா. ஆனால் அதிலும் இதே வரிசை எண் சிக்கல் வரும். எனக்குப் பெரிய கவலை வேறு: எல்லாப் பெட்டிகளிலும் ஒரே சாவியா? ஒன்றைத் திருடிச் சென்றால் தோட்டம் முழுவதும் போயிற்று. கேட்வேயும் கடைசி எண்ணை வட்டில் சேமிக்க வேண்டும். அதுவும் அதே மின்தடையில்தான் அணைகிறது.

பாலிக் புலாவ் தோட்டக்காரன்:
ஒரு சென்சாரில் மாற்றி, மின்கம்பியைப் பிடுங்கிச் செருகினேன். 2000இலிருந்து தொடங்கியது, கேட்வே ஏற்றுக்கொண்டது. சாவி இப்போது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், அண்ணா. பெட்டிக்கு ஒன்றாக மாற்றப்போகிறேன்.