ஸ்குரூவின் தரத்தைவிட ஆட்டத்தைப் பாருங்கள்

சிறிய லேத்தை (கடைசல் இயந்திரத்தை) கணினிக் கட்டுப்பாட்டுக்கு மாற்றுகிறவர்கள் முதலில் கேட்பது, பால் ஸ்குரூ (நட்டுக்குள் குண்டுகள் உருள்வதால் நகரும் திருகு) சி7 தரம் போதுமா, அதைவிடத் துல்லியமான சி5 வேண்டுமா என்பதுதான். என் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. சி7 தரத்தில் 300 மி.மீ. நீளத்துக்குச் சுமார் 50 மைக்ரான் பிழை அனுமதிக்கப்படுகிறது. வெட்டுளியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு நகர்வதோ அந்த நீளத்தில் ஒரு பகுதிதான். அந்தப் பிழையும் ஒரே இடத்தில் ஒரே அளவில் வருவதால் மென்பொருளில் திருத்திவிடலாம்.

ஆட்டம், அதாவது பாகங்களுக்கு இடையிலுள்ள தளர்வு, அப்படியல்ல. வெட்டு விசை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்லைடு ஓடிவிடும். எந்த மென்பொருளும் அதைப் பிடித்து நிறுத்தாது. லேத்தில் இதன் விளைவு இருமடங்கு: ஸ்லைடு 0.02 மி.மீ. விலகினால் விட்டம் 0.04 மி.மீ. மாறும்.

என் ஸ்லைடைத் தள்ளிப் பார்த்தபோது நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜின் முள் நன்றாகவே அசைந்தது. ஆட்டம் எங்கே என்று பிரித்தறிய, ஸ்குரூ நுனியின் சென்டர் துளையில் கிரீஸ் தடவி ஒரு சிறிய எஃகுக் குண்டை ஒட்டி, கேஜை அதன்மேல் வைத்தேன். ஸ்குரூவே முன்னும் பின்னும் போய்வந்தது. நட்டில் குறையே இல்லை. முனையைத் தாங்கும் பிளாக்குக்குள் சாதாரண பால் பேரிங் போட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக, அச்சு நீளவாக்கில் வரும் விசையையும் தாங்கும் ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் இரண்டை முதுகோடு முதுகாக வைத்து, பிரீலோடு (தளர்வே இல்லாதபடி முன்கூட்டியே தரும் அழுத்தம்) வரும்வரை இறுக்கியதும் அந்த அசைவு நின்றது. பணம் குறைவாக இருந்தால் முதலில் பேரிங்குக்கே செலவிடுங்கள்.

வாங்குமுன் இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். 1605 ஸ்குரூ (16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு) நட்டின் உடல் விட்டம் 28 மி.மீ., விளிம்பின் விட்டம் 48 மி.மீ. சிறிய கிராஸ் ஸ்லைடுக்குள் அது அடங்காது, 1204 (12 மி.மீ. விட்டம், 4 மி.மீ. நகர்வு) பரவாயில்லை.

* * *

மேலே சொன்னது மோட்டார் வைத்த லேத்துக்கு. நானோ பால் ஸ்குரூவை, கைப்பிடியைக் கையால் சுழற்றும் லேத்தில் பொருத்தியிருக்கிறேன். பால் ஸ்குரூவின் செயல்திறன் சுமார் 90 சதவீதம். குண்டுகள் இல்லாத வழக்கமான ஆக்மி புரியைப் போல உராய்வால் தானாகப் பூட்டிக்கொள்ளாது. சதுரக் கம்பியைக் கடையும்போது, கையை எடுத்தால் கைப்பிடி தானே பின்னால் சுழலும். உராய்வுப் பிரேக் ஒன்று செய்து மாட்டிய பிறகே நிம்மதியாக வேலை செய்ய முடிந்தது. மோட்டார் வைக்கும் எண்ணமே இல்லாதவர்கள் ஆக்மி ஸ்குரூவையே வைத்துக்கொண்டு, ஆட்டத்தைச் சரிசெய்யக்கூடிய வெண்கல நட்டு போடுவது மேல் என்பது என் கருத்து.

* * *

நட்டைக் கழற்றப் போகிறவர்களுக்கு: ஸ்குரூவின் அடிவிட்டத்தை (புரியின் பள்ளத்தில் அளக்கும் விட்டத்தை) விடச் சற்றே மெல்லிய குழாயை நுனியோடு சேர்த்துப் பிடித்து, நட்டை அதன்மேல் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் குண்டுகள் கொட்டிவிடும். பிரீலோடுக்காகச் சில மைக்ரான் பெரிய குண்டுகள் போட்ட நட்டாக இருந்தால், வேறு குண்டுகளைக் கலந்து நிரப்பவே கூடாது.