தாக்கம் எங்க முடியுது, காப்பி எங்க ஆரம்பிக்குது?

நள்ளிரவுப்பேனா:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா மண்டையக் குடையுற விஷயம், இங்க எழுதுறவங்க, பாடுறவங்க, வரையிறவங்க நெறைய பேர் இருக்கீங்க, அதான் கேக்குறேன். நான் சிறுகதை எழுதுறேன். ஒரு எழுத்தாளர் மேல எனக்கு பெரிய பித்து, அவரோட தொகுப்பு எல்லாத்தையும் திரும்பத் திரும்ப படிச்சவன். போன வாரம் என் புதுக் கதைய ஒரு தோழிகிட்ட கொடுத்தேன், ரெண்டு பாரா தாண்டுறதுக்குள்ளயே "இது அவரு குரல் மாதிரியே இருக்கே"ன்னுட்டாங்க. கதை என்னோடது, ஆளுங்க என்னோட ஆளுங்க, ஒரு வரி கூட எங்கயும் எடுக்கல. ஆனா ரெண்டு பேரு பேசிக்கிட்டு இருக்கும்போதே சட்டுனு ஜன்னலையோ வெளிச்சத்தையோ வர்ணிச்சு பேச்ச முறிக்கிறது இருக்கு பாருங்க, அது அவருகிட்ட இருந்து வந்ததுதான். இதுக்குப் பேரு தாக்கமா, காப்பியா? எழுதுற காலத்துல மத்தவங்கள படிக்கவே கூடாதுங்கறாங்க சிலர், அது உதவுமா? யாரு சாயலும் இல்லாம எழுதவே முடியுமா?

ஏட்டுச்சுவடி:
சாயலே படக்கூடாதுன்னு உக்காந்தா ஒரு வரி நகராது தோழர். குறள் 1100 எடுத்துக்கங்க, "கண்ணொடு கண்இணை நோக்கொக்கின் வாய்ச்சொற்கள் என்ன பயனும் இல". இப்ப கம்பர், மிதிலைல ராமனும் சீதையும் பாத்துக்கிற எடம், "கண்ணொடு கண்ணிணை கவ்வி ஒன்றையொன்று உண்ணவும்"னு போகும். மொத ரெண்டு சொல்லு அப்படியே குறள், ஒளிவு மறைவே இல்ல. மூணாவது சொல்லுலதான் கம்பர் நிக்கிறாரு. வள்ளுவர்கிட்ட ரெண்டு பார்வையும் ஒத்துப்போகுது, அதுக்கு மேல பேச்சு வேண்டாம்னு அடங்கிடுது. கம்பர்கிட்ட கண்ணு கண்ணக் கவ்வுது, தின்னுது, அந்த எடத்துல பசி வந்துருச்சு, அமைதிய எடுத்து வேட்கையா மாத்திட்டாரு மனுஷன்!

இதுக்கும் மேல, கல்யாணத்துக்கு முன்னாடி இவங்க ரெண்டு பேரும் பாத்து மயங்குறது வால்மீகில கிடையாது, அது நம்ம அகப்பாட்டோட களவு மரபு, அதாவது சங்க காலக் காதல் பாட்டுல கல்யாணத்துக்கு முன்னாடி ரகசியமா காதலிக்கிறது. ஆக கதை ஒருத்தரோடது, சொல்லு ஒருத்தரோடது, மரபு இன்னொரு பக்கத்துல இருந்து வந்தது, ஆனா படிச்சா கம்பர் குரல் மட்டும்தான் கேக்குது. நன்னூல்னு பழைய இலக்கண நூல் இத வெளிப்படையாவே சொல்லுது, முன்னோர் சொன்ன பொருள மட்டுமில்ல "அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்"னு. ஆனா வழிநூலுக்கு, அதாவது முன்னாடி வந்த நூல ஒட்டி எழுதுற நூலுக்கு, ஒரு நிபந்தனையும் வச்சிருக்கு, "பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி". பின்னாடி வந்தவன் தன் பங்குக்கு ஒரு வேறுபாட்ட வைக்கணும். உங்க கதைல அது எங்க இருக்குன்னு தேடுங்க, அத விட்டுட்டு எது அவரோடதுன்னு தேடிக்கிட்டு இருக்காதீங்க.

சுருதிப்பெட்டி:
மேல சொன்னது சரிதான், ஆனா பாட்டு பக்கம் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும் ப்ரோ. பீட்டில்ஸ் குழுவுல இருந்த ஜார்ஜ் ஹாரிசன் 1970-ல "மை ஸ்வீட் லார்ட்" போட்டாரு, அது 1963-ல வந்த "ஹீஸ் ஸோ ஃபைன்" பாட்டு மாதிரி இருக்குன்னு கேஸ். நீதிபதி இசை தெரிஞ்ச ஆளு, மெட்டப் பிச்சுப் பாத்தாரு. நம்ம ஸ்வரத்துல சொன்னா ப-க-ரி ன்னு ஒரு துண்டு, ப-த-ஸ-த-ஸ ன்னு இன்னொரு துண்டு. தனித்தனியா ரெண்டும் எங்க வேணா கேக்கக்கூடியதுதான், ஆனா ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா அதே மாதிரி திரும்பத் திரும்ப வருது, அதுல ஒரு குட்டி ஒட்டு ஸ்வரம் கூட அதே எடத்துல வந்து விழுது. வேணும்னு திருடலன்னு நீதிபதியே ஒத்துக்கிட்டாரு, அடிமனசுல கெடந்தது வந்துருச்சுன்னாரு, ஆனாலும் 1976-ல தீர்ப்பு ஹாரிசனுக்கு எதிராத்தான் வந்துச்சு. அதனால "தெரியாம வந்துருச்சு"ங்கறது அங்க செல்லல.

உங்க கேஸ் வேற. நடைக்கோ கருவுக்கோ காப்பிரைட் கிடையாது, எழுதி வெளிப்படுத்துன விதத்துக்குத்தான். நம்ம உச்ச நீதிமன்றமும் 1978-ல ஒரு நாடகத்துக்கும் சினிமாவுக்கும் நடந்த வழக்குல இதத்தான் சொல்லுச்சு, ரெண்டையும் பாத்தவனுக்கு இது அதோட நகல்தான்னு சந்தேகமே இல்லாம தோணணும்னு. சட்டம் உங்கள ஒண்ணும் செய்யாது, மனசாட்சிதான் இப்ப உங்க பிரச்சனை.

கரித்துண்டு:
படிக்காம இருங்கன்னு சொல்றவங்க பேச்சக் கேக்காதீங்க. ஒரே ஆள படிச்சாத்தான் ஒரே ஆளு சாயல் விழும், பத்துப் பேர படிச்சா அவங்களே ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்குவாங்க. ஓவியத்துல பாத்து வரையிறதுதான் பாடமே. வான்கா 1889, 90-ல சிகிச்சைக்காக ஆஸ்பத்திரில தங்கியிருந்தப்ப மில்லேங்கற பிரெஞ்சு ஓவியரோட படங்கள வச்சு இருபதுக்கும் மேல வரைஞ்சாரு. அவரு முன்னாடி இருந்தது கருப்பு வெள்ளை அச்சு, கலர் முழுக்க அவரே போட்டது. ஒருத்தர் இசையமைச்சத இன்னொருத்தர் வாசிக்கிற மாதிரின்னு தம்பிக்கு எழுதுன கடிதத்துல சொல்றாரு. உழவன், அறுவடை, தூங்குற ஜோடி எல்லாம் மில்லேயோடதுதான், ஆனா அந்த மஞ்சளும் நீலமும் மில்லேகிட்ட எங்க இருந்துச்சு? நீங்களும் உங்க எழுத்தாளரோட பக்கம் ஒண்ண நோட்டுல கையால எழுதிப் பாருங்க, பயிற்சிக்குன்னு தெரிஞ்சே. எந்த எடத்துல உங்க கை அவர விட்டு வேற பக்கம் போகப் பாக்குதோ, அங்க உங்க நடை இருக்கு.

மௌனராகம்77:
எனக்கு படிக்காம இருக்கிறதுதான் ஒத்துவருது. முதல் டிராஃப்ட் முடியிற வரைக்கும் மட்டும், அப்புறம் தாராளமா படிப்பேன். ஆளாளுக்கு மாறும், முயற்சி பண்ணிப் பாருங்க.

நள்ளிரவுப்பேனா:
எல்லாருக்கும் நன்றி. கம்பர் உதாரணத்த வச்சுக்கிட்டு கதைய மறுபடி எடுத்தேன். அவரு கதைகள்ல ஆளுங்க எதையோ மறைச்சுப் பேசுவாங்க, அதனாலதான் நடுவுல வர்ணனை வந்து நிக்குது, சொல்லாதத அது சொல்லுது. என் கதைல வர்ற அக்காவும் தம்பியும் மனசுல உள்ளத கொட்டி சண்டை போடுறவங்க, அங்க ஜன்னலுக்கு வேலையே இல்ல. எடுத்துட்டேன், சண்டை இப்ப மூச்சு விடாம ஓடுது. தம்பி பொய் சொல்ற ஒரே எடத்துல மட்டும் வச்சிருக்கேன். கடைசியா ஒண்ணு, தொகுப்பா வந்தா முன்னுரைல அவரு பேரச் சொல்லலாமா, இல்ல நானே கைய நீட்டிக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடுமா?

ஏட்டுச்சுவடி:
தாராளமா சொல்லுங்க. வால்மீகிய கம்பர் எங்கயும் மறைக்கல. பேரச் சொன்னா படிக்கிறவங்க ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்பாங்க, அந்த சண்டைக் காட்சி அப்போ தனியா தெரியும். அத இங்க போடுங்க, படிச்சுட்டு சொல்றோம்.