வம்சாவளி தேடிய கல்லூரித் தோழி

கல்லூரியில் அவள் எங்கே இருக்கிறாள் என்பது சத்தத்தை வைத்தே தெரியும். யாரையும் முழுதாகப் பேச விடமாட்டாள். பிற்பாடு வம்சாவளிப் பைத்தியம் பிடித்தது. அது எப்படிப் பிடிக்கும் என்று, வம்சாவளி தேடுகிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் என் அம்மாவிடம், "உங்ககூடப் பிறந்தவங்க எத்தனை பேர்ம்மா?" என்றாள். "நாலு பேர்." அதற்குமேல் அவள் கேட்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி சும்மா இருந்தாள். வெகுநேரம் கழித்து அம்மாவே, "இன்னொருத்தி இருந்தா. பேர் வைக்கிறதுக்குள்ள போயிட்டா" என்றார். நான் அதுவரை கேள்விப்படாத சித்தி! "உங்களுக்கு இளையவங்களா?" என்று மட்டும் கேட்டு, பெயரில்லாமல் ஒரு கட்டம் வரைந்தாள். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவு பேசுகிறவளுக்கு அங்கே பேசக்கூடாது என்று எப்படித் தெரிந்தது? அவள் இறந்த பிறகும் இதுதான் மனதில் ஓடுகிறது.

*

நானும் அதே வகுப்புதான். வாயாடி, சரி. பேச விடமாட்டாள் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். விடுதியில் யாருடைய சித்தப்பா யாரோடு பேசுவதில்லை என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. காது கொடுக்காமல் அது வருமா?

உறவு தேடச் செய்த டிஎன்ஏ பரிசோதனையின் முடிவு வந்த இரவு எனக்கு ஃபோன் செய்தாள். முன்பின் தெரியாத ஒருவரோடு சுமார் 12 சதவீதம் பொருந்துகிறதாம். "விட்டுடு, வீட்டுல பிரச்சினை வரும்" என்றேன். "அவரும் யாரையோ தேடித்தானே பரிசோதனை செஞ்சிருக்கார்" என்றாள். இன்றுவரை என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

*

எனக்கும் அப்படி ஒரு தோழன். கல்லூரி விழா என்றால் மேடையை விட்டு இறங்காதவன், பிறகு கல்லறைக் கற்களில் பக்கவாட்டாக டார்ச் அடித்துத் தேய்ந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

மேலே எழுதியவருக்கு: 12 சதவீதம் என்றால் பெரியப்பா மகனாகவும் இருக்கலாம், அப்பாவின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பியாகவும் இருக்கலாம். ஆவணம் இல்லாமல் முடிவு கட்டக்கூடாது. அப்புறம், முன்னோருக்கு எண் போடுங்கள். நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தந்தை, அதோடு ஒன்று கூட்டினால் தாய். பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024 இடங்கள். உறவுக்குள் திருமணம் நடந்திருந்தால் ஒரே ஆள் இரண்டு இடங்களில் வருவார், குழம்ப வேண்டாம். வம்சாவளித் தகவலுக்கென்றே உள்ள ஜெட்காம் (GEDCOM) கோப்பாகவும் சேமியுங்கள், பெரும்பாலான வம்சாவளி மென்பொருள்கள் அதைத் திறக்கும்.

முதலில் எழுதியவரே, அவர் வரைந்த தாள்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன? விசாரித்து, ஸ்கேன் செய்து, நாலு பேரிடம் கொடுத்து வையுங்கள்.