பத்தாம் நாள் படத்தை நம்பி மலையில் பனிப்பொழிவுக்குக் காத்திருக்கலாமா?

வாடைக்காற்று:
வானிலையைக் கம்ப்யூட்டர்ல கணிக்கிற அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாடலோட இன்னைக்குக் காலை ரன், அதாவது காலையில ஓட்டின கணிப்பு, பார்த்தீங்களா? பத்தாம் நாள் வடக்கேயிருந்து குளிர்காற்று நேரா இறங்குது. காற்றழுத்தம் 850 ஹெக்டோபாஸ்கலா இருக்கிற மட்டத்துல, அதாவது சுமார் 1500 மீட்டர் உயரத்துல, மைனஸ் 9 டிகிரி காட்டுது. நேத்து ராத்திரி ரன்லயும் இதே கதைதான். 600 மீட்டருக்கு மேல உள்ள மேட்டு நிலத்துக்கெல்லாம் நல்ல பனிப்பொழிவு உண்டுன்னு அடிச்சுச் சொல்றேன். சமவெளிக்காரங்க சந்தேகப்படலாம், மலைக்காரங்களுக்கு என்ன தயக்கம்?

கறார்கணக்கு:
ஆசை இருக்கு தாசில் பண்ண! அந்த மாடல் ஒரு நாளைக்கு நாலு தடவை ஓடுது, ஒவ்வொரு தடவையும் 16 நாள் வரைக்கும் படம் போடுது. அதில் எது குளிராக இருக்கோ அதை மட்டும் எடுத்துட்டு வந்து ஒட்டுறீங்க. மதிய ரன்னில் அதே பத்தாம் நாள் உயர் அழுத்தம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கு. அதைப் பத்தி மூச்சே விடலையே? தொடக்கத்தில் இருக்கிற சின்னப் பிழை நாளாக ஆக எப்படி ஊதிப் பெருகும்னு வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லோரென்ஸ் 1963-லேயே காட்டிட்டார். பத்து நாள் தள்ளி ஒற்றை ரன் பார்க்கிறது ஜோசியம்.

வாடைக்காற்று:
ஒற்றை ரன்னை நம்பிப் பேசலை. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தோட என்செம்பிளையும் (கணிப்புத் தொகுப்பு) பார்த்துட்டுத்தான் சொல்றேன். தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி 51 கணிப்பு ஓட்டுறாங்க. அதுல பாதிக்கு மேல 850-ல மைனஸ் 5-க்குக் கீழே போகுது. இதுவும் ஜோசியமா?

கறார்கணக்கு:
இல்லை, இது நிகழ்தகவு. ஆனால் எதோட நிகழ்தகவு? குளிரோடது. குளிர் வர்றதும் பனி வர்றதும் ஒண்ணு இல்லை. அந்த 51-ல் எத்தனையில் மழைமேகம் இருக்குன்னு பாருங்க. உயர் அழுத்தம் மேலே நின்னா வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கும். ராத்திரி பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கி எல்லாம் உறையும். மேட்டில் அதைவிட வெப்பமாக இருக்கும், பனிப்பொழிவோ ஒரு துளி கிடையாது. இப்படி வெப்பநிலைத் தலைகீழ் வந்தால் உங்க 600 மீட்டருக்கு ஒரு மரியாதையும் இல்லை.

ஈரக்குமிழ்:
இருவரும் மைனஸ் 5, மைனஸ் 9 என்று 850-லேயே நிற்கிறீர்கள். தரைக்கு இறங்கி ஒரு கணக்குப் போடுவோம். 850-ல் மைனஸ் 5. நம் மேடு 600 மீட்டர். இடைவெளி ஏறத்தாழ 900 மீட்டர். ஈரக்காற்றில் கிலோமீட்டருக்குச் சுமார் 6 டிகிரி ஏறும் என்று வைத்தால் மேட்டில் கிட்டத்தட்ட பூஜ்யம். மேகத்தின் அடிப்பகுதிக்குக் கீழே காற்று உலர்ந்து, நன்றாகக் கலந்திருந்தால் கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி வரை ஏறும். அப்போது அதே மேட்டில் 3, 4 டிகிரி கூட இருக்கலாம்.

உடனே மழைதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 3 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது நீர் ஆவியாவதால் மட்டும் காற்று எவ்வளவு குளிர முடியுமோ அந்த அளவு, பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். விழுகிற பனித்துகளிலிருந்து நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது, துகள் தப்பிக்கிறது. மாறாக 2 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் ஒன்றரைக்கு மேல் நிற்கும். குளிர் அதிகம்தான், ஆனால் கிடைப்பது மழை, மிஞ்சிப்போனால் மழையும் பனியும் கலந்த கூழ். வெப்பமானியை மட்டும் முறைத்துக்கொண்டிருப்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

மேட்டுநிலத்தான்:
ஈரக்குமிழ் சாரோட கணக்கு சரி. இன்னொண்ணு சேர்த்துக்கோங்க: எவ்வளவு பலமாப் பெய்யுதுங்கிறது. பனி உருகணும்னா வெப்பம் வேணும், அதைச் சுத்தியிருக்கிற காத்துகிட்ட இருந்துதான் உறிஞ்சும். பலமாப் பெஞ்சு, காத்து அசையாம இருந்தா, அந்த அடுக்கு முழுக்கப் பூஜ்யத்துக்கு இறங்கி, பனிக்கோடு, அதாவது பனி மழையா மாறுற உயரம், சில நூறு மீட்டர் கீழே வந்துடும். தூறலா இருந்தாலோ, காத்து வீசிப் புதுசா வெப்பத்தைக் கொண்டாந்தாலோ இந்த வேலை நடக்காது.

இதை எந்தப் படமும் இல்லாமலே பார்க்கலாம். துளி ஜன்னல் கண்ணாடியில தெறிக்காம 'சொத்'துன்னு ஒட்டும். நடுவுல வெள்ளையா ஒரு பிசிறு நின்னு கரையும். அந்தப் பிசிறு கரைய எடுத்துக்கிற நேரம் கூடிக்கிட்டே போச்சுன்னா பனிக்கோடு இறங்கிட்டு வருதுன்னு அர்த்தம். தெருவிளக்கு வெளிச்சத்துல பார்த்தா இன்னும் தெளிவு. நேரா விழுந்த கோடெல்லாம் வேகம் குறைஞ்சு அலைய ஆரம்பிக்கும்.

வாடைக்காற்று:
அதைத்தானே நானும் சொல்றேன்! மேடு எல்லைக்கோட்டுலதான் இருக்கு. சமவெளிக்குத் தேவைப்படுற கடுங்குளிர் மேட்டுக்குத் தேவையில்லை. அதனால பத்தாம் நாள்ல ஓரளவு குளிர் தெரிஞ்சாலே நம்பிக்கை வைக்க நியாயம் இருக்கு. செயலியில வர்ற பனி ஆழ வரைபடமும் 20 சென்டிமீட்டர் காட்டுது.

கறார்கணக்கு:
அந்த வரைபடத்தை மட்டும் தயவுசெய்து நடுவில் இழுக்காதீங்க. ஜிஎஃப்எஸ் கட்டம் சுமார் 13 கிலோமீட்டர், ஐரோப்பிய மாடலில் 9. அந்தக் கட்டத்துக்குள்ளே இருக்கிற மலையும் பள்ளமும் சராசரியாகித் தேய்ஞ்சுடும். உங்க 600 மீட்டர் முகடு மாடலுக்கு 350 மீட்டர் மேடாகத் தெரியலாம். பக்கத்துப் பள்ளத்தாக்கு அதே 350-க்கு ஏறியிருக்கும். அதுக்கு மேலே, இந்த மாதிரிப் படங்கள் பல, 1 மில்லிமீட்டர் நீருக்கு 1 சென்டிமீட்டர் பனின்னு கண்ணை மூடிக்கிட்டுப் பெருக்கிப் போடுது. சில படம் கூழையும் பனிக்கணக்கில் சேர்த்துடும். ஈரமான பனி அந்த விகிதத்தில் பாதிகூட ஏறாது; விழுந்த இடத்திலேயே உருகினது தனி. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைன்னு அப்புறம் புலம்பக் கூடாது.

மேட்டுநிலத்தான்:
தேய்ஞ்ச மலை நமக்குச் சாதகமாவும் இருக்கலாமே, கறார் அண்ணே? மாடல் 350 மீட்டர்னு நினைச்சு மழைன்னு சொல்லும். நிஜ 600-ல பனி விழும். அதான் நான் செயலியில வர்ற மழை, பனிச் சின்னத்தைப் பார்க்கிறதே இல்லை. உறைநிலை உயரத்தை, அதாவது காத்து பூஜ்யம் டிகிரிக்கு இறங்குற உயரத்தை, எடுத்துக்கிட்டு, அதுக்கு 200, 300 மீட்டர் கீழே வரைக்கும் பனி உருகாம வரும்னு வெச்சு, சொந்தமா முடிவு பண்ணுவேன்.

ஈரக்குமிழ்:
அது பொழிவு மேகங்களுக்கும், குளிர்காற்று முன்னேறி வரும் எல்லையான குளிர்முகத்துக்கும் பெரும்பாலும் சரிவரும். வெப்பக்காற்று முன்னேறி வரும் எல்லையான வெப்பமுகம் வரும்போது அதே விதி காலை வாரிவிடும். வெப்பக்காற்று மேலிருந்துதான் நுழைகிறது. 1000 மீட்டர் வாக்கில் பூஜ்யத்துக்கு மேலான ஒரு பட்டை நுழைந்து, தரையோடு குளிர் தங்கியிருந்தால், அந்தப் பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் முகடு முதலில் மழைக்கு மாறும். பள்ளத்தில் விழுகிற மழை தொட்ட இடத்தில் உறையும். உயரம் எப்போதும் லாபம் என்று நினைப்பவர்கள் பலூன் ஏற்றிப் பதிவு செய்த செங்குத்து வெப்பநிலை வரைபடத்தை ஒருமுறையாவது பார்த்துவிட்டுப் பேசலாம்.

வாடைக்காற்று:
சரி, தொலைதூரத்துக்கு வருவோம். ஸ்ட்ராட்டோஸ்பியர்ல, அதாவது வானிலை நடக்கிற அடுக்குக்கு மேல இருக்கிற அடுக்குல, திடீர் வெப்பமேற்றம் வரும்னு பேச்சு இருக்கு. 60 டிகிரி வடக்குல, 10 ஹெக்டோபாஸ்கல்ல மேற்குக் காற்று கிழக்காத் திரும்பினா துருவத்தைச் சுத்தி மேலே ஓடுற காற்று வளையமான துருவச் சுழல் உடைஞ்சதுன்னு அர்த்தம். 2018 பிப்ரவரியில அப்படித்தான் ஆச்சு. மாசக் கடைசியில ஐரோப்பா முழுக்க உறைஞ்சது. வாரக்கணக்குல முன்கூட்டியே சொல்ல முடியாதுன்னு சாதிக்கிறவங்க இதுக்கு என்ன சொல்றீங்க?

கறார்கணக்கு:
2019 ஜனவரியைச் சொல்றேன். அப்பவும் காற்று திரும்பிச்சு, சுழல் உடைஞ்சது. ஐரோப்பாவில் தரைக்கு வந்து சேர்ந்தது சொற்பம். மேலே நடக்கிறது கீழே இறங்கணும், இறங்கினாலும் குளிர் எந்தப் பக்கம் சரியும்னு தெரியணும். ஒரு கண்டத்துக்குக் குளிர் என்றால் இன்னொண்ணுக்கு வெப்பம். அதுவும் பகடையை ஒரு பக்கம் சாய்க்கும், அவ்வளவுதான். அப்புறம், பொதுவாகவே காற்று 1 டிகிரி வெப்பமானால் பனிக்கோடு சுமார் 150 மீட்டர் மேலே ஏறும். பழைய காலத்து விதிகளை வெச்சு 600 மீட்டருக்கு நம்பிக்கை கொடுக்கிறவங்க இதையும் கழிச்சுக்கணும்.

வாடைக்காற்று:
கழிச்சாச்சு, போதுமா? நீங்க பேசுறதைப் பார்த்தா, 48 மணி நேரத்துக்குள்ள வந்தாத்தான் பேசணும்னா, அது முன்னறிவிப்பு இல்லை, செய்தி வாசிப்பு. பத்து நாள்ல திசையைப் பார்க்கணும். அஞ்சு நாள்ல என்செம்பிள் ஒடுங்குதான்னு பார்க்கணும். ரெண்டு நாள்ல ஈரப்பதம், காற்று, பெய்யுற பலம். மூணும் மூணு வேலை.

கறார்கணக்கு:
இப்படிச் சொன்னால் எனக்குச் சண்டையே இல்லை. முதல் பதிவில் 'அடிச்சுச் சொல்றேன்'னு இருந்ததே, அதோட சண்டை. தைரியம் இருந்தால் உயரம், அளவு, நேரம், சதவீதம் நாலையும் போட்டு எழுதுங்க. பிறகு வந்து 'மேட்டில் எங்கேயோ விழுந்துச்சு'ன்னு நழுவ முடியாது.

வாடைக்காற்று:
600 மீட்டருக்கு மேல, தரையில நின்ன பனி 5 சென்டிமீட்டர், பத்தாம் நாள் நள்ளிரவுக்குள்ள, 40 சதவீதம். எழுதியாச்சு.

கறார்கணக்கு:
அடிச்சுச் சொன்னது ஒரே நாளில் 40 ஆயிடுச்சா! நல்லது. காற்று மோதுகிற சரிவா, மறைவுச் சரிவா? மோதுற பக்கம் மேலே ஏறிக் கொட்டும், மறுபக்கம் காய்ஞ்சு கிடக்கும். அதையும் போடுங்க.

வாடைக்காற்று:
மோதுற சரிவு.

மேட்டுநிலத்தான்:
நான் இருக்கிறது மறைவுச் சரிவுல. என்னைக் கேட்காமலே தோற்கடிச்சுட்டீங்களே!