மனநல வார்டில் அடிதடி: பேச்சு முறையை மாற்றினால் குறையுமா, ஆளைக் கூட்டினால் குறையுமா?

வார்டு_செவிலி:
எங்கள் வார்டில் போன வாரம் இரவுப் பணியில் இருந்த சிஸ்டருக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. எல்லாரும் காவலாளி போடச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒரு போன் போடணும் என்று அறைந்த நோயாளி திரும்பத் திரும்ப வந்து கேட்டிருக்கிறார். "அப்புறம் பார்க்கலாம்" என்றே பதில். பீடி, போன், வெளிக்கதவு, டிஸ்சார்ஜ் தேதி... பாதிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் லென் பவர்ஸ் உருவாக்கிய 'சேஃப்வார்ட்ஸ்' முறை இந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. மொத்தம் 10 வழிகள். மறுக்க வேண்டியிருந்தால் எப்படி மறுப்பது, கெட்ட செய்தி வருமுன் நோயாளியை எப்படித் தயார்செய்வது, ஷிப்ட் மாறும்போது ஒவ்வொருவரைப் பற்றியும் நல்லதாக ஒன்று சொல்லி ஒப்படைப்பது. 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மோதல் 15 சதவீதமும், பிடித்து அடக்குவது போன்ற கட்டுப்பாட்டு நடவடிக்கைகள் 26 சதவீதமும் குறைந்தன.

நைட்_அட்டெண்டர்:
சிஸ்டர், அந்த 15 சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அதில் அடி மட்டும் இல்லை. மாத்திரை மறுப்பதும், விதியை மீறுவதும், தப்பிப் போவதும் அதே கணக்கில் வரும். கணக்கு எழுதியதும் வார்டு ஊழியர்களே.

எங்கள் இடத்தில் இரவில் நாற்பது பேருக்கு ஒரு சிஸ்டர், இரண்டு அட்டெண்டர். போன் கேட்டு வருபவரோடு உட்கார்ந்து பேசினால், அந்தப் பக்கம் ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொள்பவரை யார் பிடிப்பது? அடி வாங்கியவரிடமே போய் "நீ எப்படிப் பேசினாய்?" என்று விசாரித்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மனநல_டாக்டர்:
ஆள் இல்லை என்றால் கட்டிப்போடுவது வழக்கமாகிவிடும், அதுதான் என் பயம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தனியறையில் அடைக்கவே கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழி இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு கட்டலாம். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக் கூடாது. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை.

நைட்_அட்டெண்டர்:
டாக்டர், கட்டுவதில் எனக்கு மட்டும் ஆசையா? ஆள் இல்லை என்று கட்டாதே என்கிற சட்டம் சரிதான். அந்த ஆளை யார் தருவது?

வார்டு_செவிலி:
அண்ணா, ஆளைக் கேட்கவும் ஆதாரம் வேண்டுமே. நார்வேயில் உருவான ப்ரோசெட் பட்டியல் இருக்கிறது. குழப்பம், எரிச்சல், ஆர்ப்பாட்டம், வாயால் மிரட்டல், அடிக்க ஓங்குதல், பொருளை உடைத்தல் என ஆறே குறிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். ஷிப்டுக்கு ஒரு முறை நிரப்பினால் அடுத்த 24 மணி நேரத்தில் யாரிடம் கவனமாக இருக்க வேண்டும் என்று தெரியும். மூன்று வந்தாலே ஆபத்து அதிகம். நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. கையில் தாள் இருந்தால் மேலதிகாரி "பார்க்கலாம்" என்று தட்டிக்கழிப்பது கஷ்டம்.

நைட்_அட்டெண்டர்:
சரி, நிரப்புகிறோம். மூன்று வந்த இரவுக்குக் கூடுதலாக ஒரு ஆள் வருவார் என்று முதலில் எழுத்தில் வாங்கித் தாருங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே இருக்கும் ரிஜிஸ்டர்களோடு அதுவும் ஒன்று.